பழங்கற்படியும் பழைய ஜீப்பும்

பழைய ஜீப் ஒன்றைச் செப்பனிட்டு மீண்டும் ஓட்டுவதா, அல்லது அதை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் புதியதொன்றை வாங்குவதா என்னும் கேள்வி மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவார ஊர்களில் அடிக்கடி எழுவது. கம்பம், போடி பக்கங்களில் ஏலத்தோட்டமோ காப்பித் தோட்டமோ வைத்திருக்கும் பல குடும்பங்களின் கொட்டகையில் ஒரு ஜீப் நிற்கும். தந்தையார் வாங்கியதாக இருக்கும். மகனுக்குப் புதிய வண்டிமேல் கண் இருக்கும். வீட்டுப் பெண்களுக்கோ இரண்டில் எது வழியில் நிற்காமல் வீடு வந்து சேரும் என்பதே கவலை. பார்த்த அளவில் இது பணக்கணக்கு. பட்டறைக் கூலிக்கு இவ்வளவு, உதிரி பாகங்களுக்கு இவ்வளவு, புதிய வண்டியின் மாதத் தவணை இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிவிட்டால் விடை வந்துவிட வேண்டும். ஆனால் அப்படிக் கணக்கு எழுத உட்கார்ந்தவர்கள் விரைவிலேயே எண்ணுக்கு அடங்காத ஓரிடத்தில் வந்து நிற்கிறார்கள். எதைப் பழைய ஜீப் என்கிறோம்? எத்தனை உறுப்புகளை மாற்றும்வரை அது அதே வண்டியாக இருக்கும்? புதியது என்று விற்கப்படுவதில் பழையதன் பங்கு எவ்வளவு?

தமிழ் இலக்கியம் கற்பிக்கும் ஒருவன் மோட்டார் வண்டியைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் வியக்கக்கூடும். ஏடு, படி, பாடபேதம், திருப்பணி, கல்வெட்டு ஆகியவற்றோடு பழகியவனுக்கு இக்கேள்விகள் அயலானவை அல்ல. ஜீப்பின் எண்பத்தைந்து ஆண்டு வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால், 'புதுப்பித்தலா, புதிதா' என்ற வழக்கு அவ்வண்டியுடன் கூடவே பிறந்து வளர்ந்திருப்பது தெரியும். நம் நாட்டில் அது ஒருமுறை நாடாளுமன்றம்வரை சென்றிருக்கிறது.

*

1940ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில், ஐரோப்பாவில் செர்மானியப் படைகளின் வேகத்தைக் கண்ட அமெரிக்க இராணுவம், குதிரைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மாற்றாக ஓர் இலகுவான உளவு வண்டி வேண்டும் என்று முடிவு செய்தது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்ல வேண்டும்; எடை 1,300 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 590 கிலோவைத் தாண்டக்கூடாது; முதல் மாதிரியை 49 நாட்களில் தர வேண்டும் என்பன நிபந்தனைகள். 135 நிறுவனங்களுக்கு அழைப்பு சென்றது. தொடக்கத்தில் முன்வந்தவை இரண்டே: பென்சில்வேனியாவில் நொடித்துப்போகும் நிலையிலிருந்த அமெரிக்கன் பாண்டம் என்னும் சிறு நிறுவனம் ஒன்று, ஒகையோவிலிருந்த வில்லிஸ்-ஓவர்லாண்ட் மற்றொன்று. 49 நாள் கெடுவை ஏற்றுக்கொண்டது பாண்டம். கார்ல் புரோப்ஸ்ட் என்னும் பொறியாளர் ஜூலையில் அங்கே வந்து சேர்ந்து, இரண்டே நாட்களில் வரைபடங்களைப் போட்டு முடித்தார். செப்டம்பர் 23 அன்று, கெடு முடிய அரைமணி நேரமே இருக்கையில், மேரிலாந்திலிருந்த ஹோலாபேர்ட் முகாமுக்கு அவ்வண்டி ஓட்டி வரப்பட்டது.

கேட்ட எடைக்குள் எவராலும் வண்டி செய்ய முடியவில்லை. இராணுவம் வரம்பை 2,160 பவுண்டாகத் தளர்த்தியது. வில்லிஸ் நிறுவனத்தின் வண்டியில் 60 குதிரைத்திறன் கொண்ட வலுவான என்ஜின் இருந்தது. ஆனால் எடை மிகுதி. அந்நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் பார்னி ரூஸ், என்ஜினைக் கைவிட மனமின்றி, வண்டியை முழுவதும் பிரித்து ஒவ்வோர் உறுப்பாக எடை குறைத்தார். போல்ட்டுகளின் மிகுநீளத்தை நறுக்கியதாகவும், பூசும் வண்ணத்தின் எடையைக்கூடக் கணக்கில் கொண்டதாகவும் அவ்வண்டியின் வரலாற்றில் ஒரு செய்தி வழங்கிவருகிறது. 1941இல் பெரும் ஒப்பந்தம் வில்லிசுக்குச் சென்றது. ஒரு நிறுவனத்தின் உற்பத்தி போதாது என்பதால் ஃபோர்டும் அதே வடிவில் செய்து தரப் பணிக்கப்பட்டது. போர் முடிவதற்குள் இவ்விரு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. முதல் வடிவைத் தந்த பாண்டம் சுமார் 2,700 வண்டிகளோடு ஒதுக்கப்பட்டு, இழுவை வண்டிகள் செய்யும் நிலைக்குத் தள்ளப்பட்டது. ஜீப்பைத் தானே உருவாக்கியதாக வில்லிஸ் விளம்பரம் செய்ததை அமெரிக்க வணிக ஆணையம் கண்டித்துத் தடுத்தது பிற்காலச் செய்தி.

இந்த வரலாற்றில் நம் கேள்விக்குத் தேவையான உண்மை ஒன்று உள்ளது. ஜீப் என்பது ஒரே மூலத்தை உடையதன்று. எலும்புக்கூடு பாண்டத்தினுடையது, என்ஜின் வில்லிசினுடையது, இன்று ஜீப்பின் முகம் என்று நாம் அறியும், தகட்டை அழுத்தி வெட்டிய முன்பக்கக் கம்பிச் சட்டம் ஃபோர்டு கண்டது. வில்லிஸ் வண்டியின் உறுப்பை ஃபோர்டு வண்டியில் பூட்டலாம். ஃபோர்டின் உறுப்பை வில்லிசில் பூட்டலாம். போர்க்களத்தில் சிதைந்த இரண்டு வண்டிகளைக் கொண்டு ஒன்றை எழுப்பிவிடலாம் என்பதே அதன் வடிவமைப்பின் உயிர். தன் உறுப்புகளைத் தனியே அடையாளம் காண ஃபோர்டு நிறுவனம் போல்ட்டுத் தலைகளில்கூடத் தன் முதலெழுத்தைப் பொறித்தது. அந்த எழுத்துள்ள போல்ட்டுகளை இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். பிரித்து மாற்றிக்கொள்வதற்கென்றே பிறந்த வண்டியில், மாறாத மூல உறுப்பைத் தேடுவது ஒரு விந்தைதான். ஆயினும் அது ஏளனத்துக்குரியதன்று. பல ஏடுகளை ஒப்புநோக்கி மூலபாடத்தைத் தேடும் பதிப்பாசிரியர் செய்வதும் இதற்கு நெருக்கமான வேலையே.

*

போர் முடிந்ததும் ஜீப்புகள் மலிவாகக் கிடைத்தன. பிரித்தானியாவில் ரோவர் நிறுவனத்தின் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸின் ஆங்கிள்சி தீவிலிருந்த தம் பண்ணையில் அப்படியொரு போர்க்கால ஜீப்பைப் பயன்படுத்தினார். அது பழுதானால் அதற்குப் பதிலாக எதை வாங்குவது என்ற கேள்வி எழுந்தபோது, வாங்குவதற்கு இன்னொரு ஜீப்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதை உணர்ந்தார். அந்த உணர்விலிருந்து பிறந்ததே லாண்ட் ரோவர். 1947இல் செய்யப்பட்ட அதன் முதல் மாதிரி ஒரு ஜீப்பின் சட்டகத்தின்மேலேயே கட்டப்பட்டது. எஃகு பங்கீட்டுப் பொருளாக இருந்த காலம் அது. ஆகவே மேற்கூடு அலுமினியக் கலவையால் ஆனது. 1948 ஏப்ரல் இறுதியில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அவ்வண்டி மக்கள் பார்வைக்கு வந்தது. பழைய வண்டியைச் செப்பனிடுவதா, புதியது வாங்குவதா என்ற கேள்விக்கு, பழையதன் எலும்பின்மேல் புதியதைக் கட்டுவது என்ற மூன்றாவது விடையை அவர் கண்டார். அந்த விடை 68 ஆண்டுகள் ஓடியது. டிஃபெண்டர் என்று பின்னாளில் பெயர் பெற்ற அவ்வரிசையின் கடைசி வண்டி 2016 ஜனவரி 29 அன்று சாலிஹல் ஆலையை விட்டு வெளியேறியது.

அதே 1948இல், அதே பிரித்தானியாவில், நம் நாட்டின் பெயரால் வேறொரு விடை தேடப்பட்டது. காஷ்மீரில் போர் நடந்துகொண்டிருந்தது. படைக்கு ஜீப்புகள் உடனடியாகத் தேவை. இலண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், வழக்கமான கொள்முதல் முறைகளைக் கடந்து, போரில் உழைத்த ஜீப்புகளைப் புதுப்பித்துத் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தார். பணத்தின் பெரும்பகுதி முன்கூட்டியே கொடுக்கப்பட்டது. இந்தியா வந்து சேர்ந்தவை 155 வண்டிகளே. அவையும் படைப் பணிக்கு ஏற்றவை அல்ல என்ற குற்றச்சாட்டு எழுந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் சர்ச்சையாக 'ஜீப் விவகாரம்' பேசப்பட்டது. அனந்தசயனம் ஐயங்கார் தலைமையிலான குழு நீதி விசாரணை வேண்டும் என்று கருதியது. 1955 செப்டம்பர் 30 அன்று, விவகாரம் முடிந்தது என அரசு அறிவித்தது. 1956 பிப்ரவரியில் மேனன் நேருவின் அமைச்சரவையில் சேர்ந்தார். அவர் தனிப்பட்ட முறையில் ஆதாயம் பெற்றதாக நிறுவப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்நிகழ்ச்சி அரசியல் வரலாற்றில் ஊழலின் தொடக்கமாகவே எழுதப்படுகிறது. அதன் அடியில் ஒரு சிறு பட்டறைப் பாடமும் இருக்கிறது. 'புதுப்பித்தது' என்ற சொல்லுக்கு அளவுகோல் இல்லை. புதிய வண்டி ஆலையில் சோதிக்கப்பட்டு, உத்தரவாதத்தோடு வருகிறது. பழைய வண்டி பழையதாகவே விற்கப்பட்டால் வாங்குபவர் விழிப்போடு இருக்கிறார். புதுப்பித்தது என்று விற்கப்படும் வண்டியோ வண்ணப்பூச்சின் அடியில் எதை வேண்டுமானாலும் மறைத்து வைத்திருக்கலாம். தம் கண்ணால் பார்க்காத செப்பனிடலுக்கு முன்பணம் கொடுத்தவர்கள் அன்றுமுதல் இன்றுவரை ஒரே விதமாகத்தான் இழந்திருக்கிறார்கள். நம் நாட்டு அரசு இழந்தது பெரிய தொகை. தனிமனிதர்கள் இழப்பது சிறிய தொகை. வேறுபாடு அவ்வளவே.

*

இதே ஆண்டுகளில் பம்பாயில் வேறொரு முயற்சி நடந்தது. ஜே.சி. மஹிந்திரா, கே.சி. மஹிந்திரா என்னும் சகோதரர்களும் மாலிக் குலாம் முகம்மதுவும் சேர்ந்து 1945இல் மஹிந்திரா அண்ட் முகம்மது என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். பிரிவினையின்போது குலாம் முகம்மது பாகிஸ்தான் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். 1948இல் நிறுவனம் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா என்று பெயர் மாறியது. எம் அண்ட் எம் என்ற முதலெழுத்துகள் மட்டும் அப்படியே நின்றன. உறுப்பு மாறியும் அடையாளம் மாறாமல் நிற்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

பிரித்த நிலையில் வந்த வில்லிஸ் ஜீப்புகளைக் கோத்து விற்பதில் தொடங்கிய இந்நிறுவனம், படிப்படியாக அவற்றை இங்கேயே செய்யும் நிலைக்கு வந்தது. நம் தலைமுறை 'ஜீப்' என்று சொன்னதும் மனத்தில் எழும் வடிவம் சி.ஜே.3பி என்பதாகும். 1953இல் அமெரிக்காவில் வெளிவந்த இம்மாதிரியில், உள்வாங்கும் வால்வு என்ஜினின் தலைமேலும், வெளியேற்றும் வால்வு பக்கவாட்டிலும் அமைந்த புதிய என்ஜின் இருந்தது. அது பழையதைவிட உயரம். ஆகவே பானெட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. அந்த உயர்ந்த நெற்றி அமெரிக்கர்களுக்கு அழகாகத் தோன்றவில்லை என்பார்கள். அங்கே 1968இல் அது நின்றுபோனது. ஜப்பானில் மிட்சுபிஷியின் கையிலும் இந்தியாவில் மஹிந்திராவின் கையிலும் அது மேலும் பல பத்தாண்டுகள் வாழ்ந்தது. வட்டார வளர்ச்சி அலுவலரின் வண்டி, வனத்துறை வண்டி, தேர்தல் காலத்தில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி எல்லாம் அந்த உயர்ந்த நெற்றியோடுதான் நம் ஊர்களுக்குள் வந்தன.

பெட்ரோல் விலை ஏறியபோது அதன் உள்ளுறுப்பு மாறத் தொடங்கியது. டிராக்டர் வழியில் வந்த டீசல் என்ஜின் ஜீப்புக்குள் ஏறியது. 1980களில் பிரெஞ்சு நிறுவனமான பீஜோவின் 2,112 கன சென்டிமீட்டர் டீசல் என்ஜின் வந்தது. எம்.எம்.540 என்ற மாதிரி அதனால் புகழ்பெற்றது. ஆலை செய்ததை ஊர்ப்பட்டறைகளும் செய்தன. பெட்ரோல் ஜீப்பைக் கொண்டுவந்து விட்டால் டீசல் என்ஜினைப் பூட்டி, அதற்கேற்ப மவுண்டுகளை வெட்டி ஒட்டி, ஓட்டிக் காட்டும் மெக்கானிக்குகள் மலையடிவார ஊர்கள்தோறும் இருந்தனர். படைத்துறை ஏலத்தில் வந்த வண்டிகளுக்கு வடக்கே மண்டி டப்வாலியும், உதிரி பாகங்களுக்குச் சென்னையில் புதுப்பேட்டையும் பெயர் பெற்றன. இராணுவத்துக்கெனவே ஜபல்பூரில் செய்யப்பட்ட ஜோங்கா நிசான் பெட்ரோலின் இந்திய வடிவம். பணிமுடிந்த ஜோங்காக்களும் ஏல வழியே மலைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தன.

இன்று கொட்டகையில் நிற்கும் தந்தையின் ஜீப் இந்த வரலாறு முழுவதையும் தன்மேல் ஏற்றிக்கொண்டது. சட்டகம் 1960களினதாக இருக்கலாம். என்ஜின் 1980களினது. பின் அச்சு வேறொரு வண்டியினது. தகரக்கூட்டில் பாதியை ஊர்த் தட்டுவேலைக்காரர் அடித்துச் சேர்த்திருப்பார். அதை 'மூலநிலைக்கு' மீட்பது என்றால் எந்த மூலம்? ஆலையிலிருந்து வெளிவந்த நாளின் நிலையா? தந்தை அதை ஓட்டிய நாட்களின் நிலையா? முன்னதைத் தேர்ந்தால் தந்தை பூட்டிய டீசல் என்ஜினைக் கழற்றி எறிய வேண்டும். பின்னதைத் தேர்ந்தால் சேகரிப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள்.

*

ஒவ்வொரு பலகையாக மாற்றப்பட்ட தீசியசின் கப்பல் அதே கப்பல்தானா என்று கிரேக்கர் வாதிட்டதைப் புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். நம்மிடம் இந்தக் கேள்வி தத்துவ வாதமாக மட்டும் நிற்கவில்லை, நடைமுறையாகவே இருந்திருக்கிறது. பனையோலையின் ஆயுள் சில நூற்றாண்டுகளே. ஆகவே நைந்த ஏட்டைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதிவிட்டுப் பழையதை ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றில் விட்டார்கள். பொருள் போனாலும் நூல் தங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. பெயர்த்தெழுதாமலே ஆற்றில் விடப்பட்ட ஏடுகளின் கதை உ.வே. சாமிநாதையரின் வாழ்க்கையோடு பின்னிய துயரக் கதை.

கோயில்களில் நடந்தது இன்னும் நுட்பமானது. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் காவிரிக்கரையின் பழைய செங்கல் தளிகள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். பழையதைப் பிரித்துப் புதியதைக் கட்டும் வேலை அது. பழைய கட்டடத்தின் கற்களில் நிலக்கொடையும் விளக்குக்கொடையும் எழுதியிருந்தன. கல் போனால் உரிமையும் போகும். திருக்கோடிக்காவலில் அவ்வெழுத்துகள் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. இது பழைய கல்லின் படி என்ற குறிப்பும் கூடவே வெட்டப்பட்டது. பழங்கற்படி என்பது அங்கே வழங்கும் சொல். புதிய கல்லைப் பழைய கல்லென்று காட்ட அவர்கள் முயலவில்லை. எது பழையது, எது படி என்று அடுத்த தலைமுறை அறிந்துகொள்ள ஒரு வரி எழுதிவைத்தார்கள். ஆயிரம் ஆண்டு கழித்தும் வரலாற்றாசிரியர் அச்சுவரை நம்ப முடிவது அந்த ஒரு வரியால்.

இதன் மறுபக்கத்தையும் நம் காலம் கண்டிருக்கிறது. திருப்பணி என்ற பெயரில் கோயில் சுவர்களில் மணலை வேகமாகப் பீய்ச்சியடித்துத் தூய்மை செய்தபோது, கல்லின் மேல்தோல் உரிந்து கல்வெட்டெழுத்துகள் மழுங்கின என்று அறிஞர்கள் கண்டித்தார்கள். சுவர் புதிதுபோல் ஒளிர்ந்தது. எழுத்து போயிற்று. பழைய ஜீப்பின் துருவை அகற்றப் பட்டறைகள் பயன்படுத்துவதும் இதே மணற்பீய்ச்சுக் கருவிதான். கனமான சட்டகத்துக்கு அது நல்ல மருத்துவம். மெல்லிய தகட்டில் அளவு மீறினால் தகடு நெளியும், துளைபடும். பொறித்த எண்களும் தகட்டெழுத்துகளும் மழுங்கும். சேஸிஸ் எண் மழுங்கிய வண்டிக்குச் சட்டத்தின் முன் பெயரில்லை. கல்வெட்டுக்கும் சேஸிஸ் எண்ணுக்கும் இந்த அளவில் ஒரே விதிதான்.

*

சட்டம் இக்கேள்விக்குத் தன் வழியில் விடை சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடுமாறு வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2021 ஜூலையில் வந்த விதிகள், 50 ஆண்டு தாண்டிய வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகத் தனி வரிசையில் பதிய வழி செய்தன. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். வண்டி மூலவடிவில் இருக்க வேண்டும். சட்டகம், மேற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்கு ஓட்டலாம், அன்றாடப் பயனுக்கோ வாடகைக்கோ ஓட்டக்கூடாது. மற்ற பழைய கார், ஜீப்புகளுக்கு 15 ஆண்டுக்குப் பிறகு தகுதிச் சோதனையும் பதிவுப் புதுப்பிப்பும் தேவை. அக்கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாயிற்று.

இவ்விதிகளுக்கு நியாயம் உண்டு. புகையும் பிரேக்கும் சாலையில் எதிரே வருபவர்களையும் பற்றியவை. ஆனால் விதிகளின் இரு கூண்டுகளையும் கவனிக்க வேண்டும். உழைக்காமல் அழகாக நிற்கும் பழமைக்கு ஒரு கூண்டு. உழைக்கும் புதுமைக்கு ஒரு கூண்டு. உழைத்துக்கொண்டே பழையதான வண்டிக்கு இடையில் இடம் குறைவு. தேனி மாவட்டத்தின் கொழுக்குமலைத் தோட்டத்துக்குக் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில்தான் ஏற முடியும். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையில் தொழிலாளரை ஏற்றிச் சென்றவையும் இவ்வகை வண்டிகளே. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியதால் நேர்ந்த விபத்துகளை மறைத்து அவற்றின் புகழ் பாட இயலாது. ஆயினும் அம்மலைப்பாதைகளின் பொருளாதாரத்தை நான்கு தலைமுறையாகத் தாங்கியவை, எந்தக் கண்காட்சிக்கும் தகுதி பெறாத, பல உறுப்புகள் மாறிய இந்த ஜீப்புகள்தாம். அவை போகும்போது கூடவே ஓர் அறிவும் போகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸின் ஒலியைக் கேட்டு எந்தப் பற்சக்கரம் தேய்ந்தது என்று சொல்லும் காது, லேத்தில் புஷ் கடைந்து தரும் கை, வார்ப்பட்டை வில்லை அடித்து வளைவு ஏற்றும் உலைக்களம் ஆகியவை எந்த நூலிலும் எழுதப்படவில்லை.

*

புதிய வண்டியின் பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2010இல் வந்த மஹிந்திரா தார், பழைய சி.ஜே. வடிவின் வழித்தோன்றல். 2020 அக்டோபர் 2 அன்று விற்பனைக்கு வந்த அதன் இரண்டாம் தலைமுறை, உருவில் மட்டுமே பழமையைச் சுமப்பது. பின் அச்சில் வார்ப்பட்டைக்குப் பதில் சுருள்வில், இரண்டு காற்றுப்பைகள், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக் அமைப்பு, குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 4 நட்சத்திரம். பழைய ஜீப்பில் இவற்றில் ஒன்றுமில்லை. மோதினால் ஓட்டுநரின் மார்பை நோக்கி வரும் ஸ்டீயரிங் தண்டு, நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், திறந்த பக்கங்கள் என்பவையே அதன் பாதுகாப்பு. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நான்குவழிச் சாலையில் நாள்தோறும் போகவேண்டிய குடும்பத்துக்குப் பழைய ஜீப்பைப் பரிந்துரைப்பது பழமைப் பற்றாகாது, பொறுப்பின்மையாகும். புதிய வண்டிக்கும் குறை உண்டு. கணினிக் கருவியைச் செருகிப் பார்க்காமல் அதன் நோயை அறிய இயலாது. நடுமலையில் அது நின்றால் பெரும்பாலும் இழுத்துத்தான் வர வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதன் மின்னணுப் பெட்டிகளுக்கு மாற்று எங்கே கிடைக்கும் என்பதும் ஒரு கேள்வி.

ஆலைகளே இந்த இரண்டுக்கும் நடுவில் வணிகம் செய்யத் தொடங்கிவிட்டன. லாண்ட் ரோவர் நிறுவனம் 2016இல் தன் முதல் வரிசை வண்டிகள் 25ஐத் தானே மீட்டெடுத்து விற்க முன்வந்தது. பழைய டிஃபெண்டரின் உருவைத் தழுவி வேறொரு நிறுவனம் கிரெனடியர் என்ற புதிய வண்டியைக் கொணர்ந்தது. அவ்வுருவின் மீது லாண்ட் ரோவர் கோரிய வணிகக்குறி உரிமையைப் பிரித்தானிய நீதிமன்றம் 2020இல் ஏற்கவில்லை. அதே 2020இல், மஹிந்திரா அமெரிக்காவில் விற்ற ராக்சர் வண்டியின் தோற்றம் ஜீப்பின் உரிமையை மீறுகிறது என்று அந்நாட்டு வாணிப ஆணையம் முடிவு செய்ய, மஹிந்திரா அதன் முகத்தை மாற்றியது. எழுபதாண்டுக்கு முன் உரிமம் பெற்றுக் கற்ற முகத்தை, கற்ற வீட்டிலேயே காட்ட முடியாமற் போயிற்று. பழைய உருவம் இன்று அத்தனை விலைமதிப்புள்ள சொத்து.

இவ்வளவும் தெரிந்தபின் கொட்டகை ஜீப்பின் முன் நிற்பவர் என்ன செய்வது? அன்றாடப் பயணத்துக்கு வண்டி தேவை என்றால் புதியதை வாங்குவதே முறை. மலைத்தோட்டத்துக்குள் மெதுவாக உழைக்க வேண்டும், சட்டகம் துருவேறி இற்றுப்போகவில்லை, பதிவுத்தாள்களும் எண்களும் ஒத்திருக்கின்றன, செய்யத்தெரிந்த மெக்கானிக்கும் அருகில் இருக்கிறார் என்றால் பழையதைச் செப்பனிடலாம். பிறர் புதுப்பித்து ஒளிரவிட்டிருக்கும் வண்டியைப் புதியதன் விலைக்கு வாங்குமுன் 1948ஐ நினைத்துக்கொள்வது நல்லது. கழற்றிப் பார்க்க விடாத வண்டிக்கு முன்பணம் கூடாது.

செப்பனிடத் துணிந்தவர்களுக்கு இலக்கிய மாணவனாக ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். கழற்றும்முன் படம் எடுங்கள். எந்த உறுப்பு எந்த நாளில் மாற்றப்பட்டது, பழையது ஏன் போயிற்று, புதியது எங்கிருந்து வந்தது, எந்தப் பட்டறையில் எவர் கை பட்டது என்பதை ஒவ்வொரு வரியாக எழுதுங்கள். தந்தை பூட்டிய டீசல் என்ஜின் பதிவுச் சான்றில் ஏறியிருந்தால் அதை அவமானமாக எண்ணிக் கழற்ற வேண்டாம். பல்லவர் தூணருகே நாயக்கர் தூண் நிற்பதைப்போல, அதுவும் வரலாற்றின் ஓர் அடுக்கு. மாற்றியதை மாற்றியது என்றே எழுதிவைத்தால், ஐம்பதாண்டு கழித்து அவ்வண்டியைத் திறப்பவர் ஏமாற மாட்டார். மெக்கானிக்கின் அறிவிலும் ஒரு பகுதி தாளில் தங்கும். திருக்கோடிக்காவலின் சிற்பிகள் தங்கள் கல்லுக்குச் செய்த நேர்மையை நாம் நம் தகரத்துக்குச் செய்வதில் குறைவொன்றும் இல்லை.